தோள்பையில் அடங்கும் மேக்ரோ: 60 எம்எம் லென்ஸோடு சில ஆண்டுகள்

சிங்கப்பூரில் பூச்சிப் படம் எடுக்கப் பெரிய கேமரா தேவையே இல்லை என்பது என் கட்சி. நான் வைத்திருப்பது ஒலிம்பஸ் இ-எம்5 மார்க் 3, அதோடு 2012இல் வந்த 60 எம்எம் எஃப்2.8 மேக்ரோ லென்ஸ், அதாவது சின்னப் பொருளைக் கிட்டப் போய்ப் பெரிதாக எடுக்கும் லென்ஸ். இரண்டும் சேர்ந்தே 600 கிராம்தான். வேலைக்குக் கொண்டுபோகும் பையிலேயே கிடக்கும்.

சென்சார் சிறியது என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. மேக்ரோவில் அதுதான் வசதி. 1:1இல், அதாவது பூச்சி அதன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழும்படி வைத்தால், 17 மில்லிமீட்டர் பூச்சியே படத்தை நிரப்பிவிடும். அப்போது லென்ஸ் முனைக்கும் பூச்சிக்கும் சுமார் 9 சென்டிமீட்டர் இடைவெளி. தும்பி ஓடிவிடும், குதிக்கும் சிலந்தியோ நின்று நம்மையே முறைக்கும்.

வெளிச்சம்தான் பெரும்பாடு. மெக்ரிட்சி மரநிழலில் காலை ஒன்பது மணிக்கும் இருட்டு. லென்ஸ் துளையை எஃப்8க்குச் சுருக்கினாலும் தெளிவாக விழுவது அரை மில்லிமீட்டர் ஆழம்தான், அதனால் ஃபிளாஷ் இல்லாமல் வேலைக்காகாது. கேமராவோடு வரும் குட்டி ஃபிளாஷே போதும், வெளிச்சத்தைப் பரப்பி மென்மையாக்கும் டிஃப்யூசர் மட்டும் கட்டாயம். என்னுடையது சிப்ஸ் டப்பாவை வெட்டி, முனையில் வெள்ளை ஃபோம் தாள் ஒட்டியது. சிலந்தியின் முன்கண்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெறும் ஃபிளாஷில் ஊசிமுனை போல ஒரு வெள்ளைப் புள்ளி எரியும். டிஃப்யூசர் இருந்தால் அதே கண்ணில் வெளிச்சம் அகலமாகப் பரவி, கண்ணின் வளைவே தெரியும்.

மங்கலான இடத்தில் ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். லென்ஸ் பக்கவாட்டில் உள்ள திருகியை 1:1க்குத் திருப்பிவிட்டு, உடம்பை மெல்ல முன்பின் அசைத்து எடுப்பதே சுலபம். ட்ரைபாட் வீட்டில் இருக்கட்டும். சுங்கே பூலோ பலகைப் பாதையில் ஒருவர் நடந்து போனாலே எல்லாம் ஆடும்.

இன்னும் பெரிதாக்க, லென்ஸ் முன்னால் கிளிப்பில் மாட்டும் உருப்பெருக்கி லென்ஸான ரேய்னாக்ஸ் டிசிஆர்-250 மாட்டலாம். இந்த லென்ஸின் முகப்பு 46 எம்எம், ரேய்னாக்ஸ் கிளிப்புக்குக் குறைந்தது 52 வேண்டும். இடையில் மாட்ட, முகப்பை அகலமாக்கும் ஒரு ஸ்டெப்-அப் வளையம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடல் வற்றும் நேரத்தில் சாங்கிக் கரையில் குனிந்து எடுப்பவர்களுக்கு மட்டும் நான் வேறு பதில் சொல்வேன்: ஒலிம்பஸின் தண்ணீர் புகாத சின்னக் கேமரா டிஜி-6. 15 மீட்டர் ஆழம் வரை தண்ணீரைத் தாங்கும், 1 சென்டிமீட்டரிலும் ஃபோகஸ் பிடிக்கும். ஆனால் அவ்வளவு கிட்டே போனால் நம் நிழலே விழும், பூச்சியும் காத்திருக்காது.

அப்புறம் நம்ம ஊர்ப் புழுக்கம். ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் டிரை கேபினட் பெட்டியில் 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வைக்காவிட்டால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்தால், பனி படியாமல் இருக்கக் கொஞ்ச நேரம் பையைத் திறக்காதீர்கள். பழைய கேமராக் கடைகள் உள்ள பெனின்சுலா பக்கம் பழைய லென்ஸ் வாங்குவதானால், கடையிலேயே பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே வெள்ளை நூலிழைகள் தெரிந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.