தள்ளுவண்டிக் கடைக்கு எந்தக் கடன்: சுயஉதவிக் குழுவா, ஸ்வநிதியா, முத்ராவா?

தெருவோரத்தில் தொழில் செய்கிற ஒரு பெண் அரசு ஆதரவோடு கடன் வாங்க விசாரித்தால் பெரும்பாலும் மூன்று பெயர்களைச் சொல்வார்கள்: மகளிர் சுயஉதவிக் குழுக் கடன், தெருவோர வியாபாரிகளுக்கான பி.எம். ஸ்வநிதி, முத்ரா திட்டத்தின் சிசு பிரிவு. திருச்சியில் மாலை நேர மீன் வறுவல் கடை போடும் நான் குழுக் கடனை எடுத்தேன். அதே சாலையில் பழ வண்டி வைத்திருக்கும் என் நாத்தனார் ஸ்வநிதி வாங்கினார். இந்த இரண்டையும் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். முத்ராவை விசாரித்ததோடு சரி. அதைப் பற்றிச் சொல்வதை அந்த அளவிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மானியத் திட்டங்களை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. மாவட்டத் தொழில் மையம் வழியாகக் கிடைக்கும் மானியக் கடன்கள் நல்லவைதான். ஆனால் திட்ட அறிக்கை, இயந்திரத்துக்கான விலைப்புள்ளி, சொந்தப் பங்குத் தொகை என்று அவை கேட்பதெல்லாம் புதிதாகப் பட்டறையோ கடையோ தொடங்குபவருக்கே பொருந்தும். காலையில் காசிவிளங்கி மார்க்கெட்டில் கட்லாவும் பாறையும் வாங்கி, இரவுக்குள் விற்று, மறுநாள் அதே பணத்தோடு மார்க்கெட்டுக்குப் போகிறவருக்கு வேண்டியது சரக்குக்கும் எண்ணெய்க்கும் சிலிண்டருக்கும் ஆன சுழற்சிப் பணம்.

வட்டி விஷயத்தில் மூன்றுக்கும் பெரிய தூரமில்லை. எதுவானாலும் தண்டலைவிட மேல். தண்டலில் 10,000 ரூபாய் என்று எழுதி 9,000 ரூபாயைக் கையில் கொடுத்து, நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் வசூலிப்பார்கள். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் அசலும் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துப் பார்த்தால் அது ஆண்டுக்கு ஏறக்குறைய 80 சதவீத வட்டி. அப்படியிருந்தும் மக்கள் தண்டலை விடாததற்குக் காரணம் உண்டு: வசூல் கடைக்கே வருகிறது, அன்றாட வரவிலிருந்தே போகிறது, வியாபாரம் இல்லாத நாளில் நாளைக்குத் தருகிறேன் என்று சொல்ல ஓர் ஆள் எதிரே நிற்கிறார்.

ஆகவே நான் பார்த்தது வட்டியை அல்ல, தவணை கட்ட முடியாத மாதத்தில் என்ன நடக்கும் என்பதைத்தான். மீன் கடைக்கு அது ஒரு மாதத்தோடு முடிவதில்லை. புரட்டாசியில் பாதிப் பேர் அசைவத்தைத் தொடுவதில்லை. ஐப்பசியில் மழை மாலை நேரம் பார்த்தே பிடித்துக்கொள்கிறது. கார்த்திகையில் மாலை போட்டுக்கொண்டவர்கள் வருவதில்லை. அடுத்தடுத்து மூன்று மாதம் வரவு குறையும் என்பது முன்கூட்டியே தெரிந்த சங்கதி. வங்கியின் மாதத் தவணை அட்டவணையில் இந்த மூன்று மாதங்களும் மற்ற ஒன்பதைப் போலவே இருக்கின்றன.

ஸ்வநிதியில் இதுதான் சிக்கல். 2020 ஜூனில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் முதல் கடன் 10,000 ரூபாயாக இருந்தது. 2025 ஆகஸ்டில் மாற்றியமைத்தபோது முதல் கடன் 15,000, இரண்டாவது 25,000, மூன்றாவது 50,000 என்று ஆயிற்று. ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம் கணக்கில் வரவாகும். 15,000 ரூபாயை 12 சதவீத வட்டியில் ஓராண்டில் அடைத்தால் வட்டி ஏறத்தாழ ஆயிரம் ரூபாய். அதில் ஐந்நூற்றுச் சொச்சம் திரும்பி வரும். இவ்வளவு மலிவான பணம் வேறெங்கும் கிடைக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தவணைத் தேதியில் கணக்கில் பணம் இல்லாவிட்டால் தவணை திரும்பியதற்கு ஒரு கட்டணம் விழுகிறது. நிலுவை 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன். அதன்பின் வட்டி மானியமும் இல்லை, அடுத்த படிக் கடனும் இல்லை. என் நாத்தனாருக்கு இது பொருட்டே அல்ல, ஏனென்றால் பழத்துக்குப் புரட்டாசி நல்ல மாதம்.

குழுவில் நடப்பது வேறு. தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரியில் தொடங்கிய இந்த ஏற்பாட்டின் உயிர் வங்கிக் கடனில் இல்லை, குழு தன் சொந்தப் பணத்திலிருந்து உறுப்பினருக்குத் தரும் உள்கடனில்தான் இருக்கிறது. உறுப்பினர்கள் மாதாமாதம் கட்டும் சந்தா, கடன்களில் வந்த வட்டி, அரசு தந்த சுழல் நிதி எல்லாம் சேர்ந்து குழுவின் பெயரில் ஒரு தொகை நிற்கிறது. ஐப்பசியில் என்னால் தவணை கட்ட இயலாதபோது கூட்டத்தில் அதைச் சொன்னேன். தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எல்லாரும் கையெழுத்திட்டு, உள்கடனாக எனக்குப் பணம் கொடுத்தார்கள். அந்தப் பணம் அன்றைக்கே என் வங்கித் தவணையாகப் போயிற்று. வங்கியைப் பொறுத்தவரை குழுவின் கணக்கில் ஒரு நாள்கூடத் தாமதமில்லை. உள்கடனுக்கு எங்கள் குழுவில் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. அந்த வட்டியும் குழுவின் பெட்டிக்குள்ளேயே விழுகிறது. தை பிறந்து வியாபாரம் நிமிர்ந்ததும் அடைத்துவிட்டேன்.

இதற்குக் கொடுக்கும் விலையும் சிறியதல்ல. மாதக் கூட்டத்துக்கு மாலை நேரத்தை ஒதுக்க வேண்டும், அதாவது என் வியாபார நேரத்தை. புதுக் குழு என்றால் ஆறு மாதம் சேமித்து, உள்கடன் நடத்தி, தரமதிப்பீடு முடிந்த பிறகே வங்கி பேசும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவர் கட்டாமல் போனால் சுமை எல்லார் தலையிலும் வரும். அப்படி உடைந்த குழுக்களை எங்கள் தெருவிலேயே காட்ட முடியும். எனவே சேருமுன் குழுவை வழிநடத்தும் ஊக்குநரிடம் வங்கிப் புத்தகத்தையும் உள்கடன் பேரேட்டையும் கேட்டுப் பார்ப்பது முறை. வங்கிக் கடன் வந்த அன்றே தலைக்கு இவ்வளவு என்று பங்கு போட்டுக்கொண்டு, அடுத்த கடன் வரை கூட்டமே போடாத குழுவில் நான் சொன்ன சாதகம் எதுவும் கிடையாது. தனியார் நுண்நிதி நிறுவனங்கள் சேர்க்கும் குழுவையும் ஊரில் ‘குழு லோன்’ என்றே சொல்கிறார்கள். அங்கே பொறுப்பு கூட்டுப் பொறுப்புதான், ஆனால் முடியாத மாதத்தில் எடுத்துக் கொடுக்க உங்களுக்கென்று பொதுச் சேமிப்பு இருக்காது.

முத்ரா 2015 ஏப்ரலில் வந்தது. சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானமில்லாமல் தரலாம். அதில் மானியம் உண்டு என்று பலர் நம்புகிறார்கள். அப்படி எதுவும் கிடையாது. நான் கேட்ட கிளையில் ஓராண்டுக் கணக்கு வரவு செலவைப் பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். தினசரி வரவை வங்கியில் போட்டுப் பழகாத கடைக்கு அந்த ஒரு கேள்வியிலேயே பேச்சு நின்றுவிடுகிறது. க்யூஆர் அட்டை வழியாகப் பணம் வாங்கும் கடைகளுக்கு இது எளிதாக இருக்கக்கூடும். தொகை பெரிது என்பதால், குளிர்பதனப் பெட்டி போன்ற ஒரு பொருளை வாங்குவதற்கென்றால் நானும் அங்கே மறுபடி போய்க் கேட்பேன்.

ஆண்களுக்கு மகளிர் குழு என்ற வழியே இல்லை. அவர்களுக்கு என் பதில் ஸ்வநிதிதான். மாநகராட்சி தந்த தெருவோர வியாபாரி அடையாள அட்டை இருந்தால் வேலை பாதி முடிந்தது. இல்லாதவர்கள் அங்கேயே பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். வரவு குறையும் மாதங்கள் எவை என்று தெரிந்தவர்கள், நல்ல மாதத்திலேயே இரண்டு தவணைக்கான பணத்தை அந்தக் கணக்கில் விட்டுவைப்பது நல்லது.