நௌக்ரியா, லிங்க்ட்இன்னா?

வேலை தேட இந்த இரண்டு இணையதளங்களில் எது நல்லது? பி.காம். முடித்த தம்பிகள் இருவர் ஒரே வாரத்தில் கேட்ட கேள்வி இது.

செலவு: இரண்டிலும் கணக்குத் தொடங்கவும் விண்ணப்பிக்கவும் காசு வேண்டாம். கட்டணச் சேவைகளும் உண்டு. முதல் வேலைக்கு அவை எதற்கு?

கண்ணில் படுவது: 1997இல் தொடங்கிய நௌக்ரியில் நிறுவனத்தார் திறன், அனுபவம், ஊர், சம்பளம் என்று சலித்தெடுத்துத் தேடுகிறார்கள். ‘கணக்கு வேலை தெரியும்’ என்று எழுதினால் சல்லடையில் நிற்காது. டேலி (கணக்கு மென்பொருள்), ஜிஎஸ்டி ரிட்டர்ன், வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு என்று பிரித்து எழுத வேண்டும். மாதக்கணக்கில் தொடாத சுயவிவரம் அடியில் போய்விடும். ஒரு திங்கள்கிழமை காலை ஒரே ஒரு வரியைத் திருத்திச் சேமித்தேன். மதியத்துக்குள் இரண்டு அழைப்புகள்.

2003இல் வந்த லிங்க்ட்இன்னில் ஆள்தான் முக்கியம். அதே நிறுவனத்தில் இருக்கும் கல்லூரி சீனியரைத் தேடிப் பிடித்து, பரிந்துரைக்க முடியுமா என்று கேட்கலாம். “ஹாய்” என்று மட்டும் அனுப்பினால் யார் பதில் போடுவார்கள்? எந்தப் பணியிடம், உங்களுக்கு என்ன தெரியும் என்று மூன்று வரி எழுதுங்கள்.

வேகம்: நௌக்ரி.

சென்னை, கோவையில் கணக்கு, விற்பனை, பிபிஓ (பிற நிறுவனங்களுக்காகச் செய்யும் கால் சென்டர் போன்ற பணி) வேலை உடனே வேண்டுமென்றால் நௌக்ரி. ஐந்தாறு ஆண்டு அனுபவத்தோடு இடம் மாற நினைப்பவருக்கும், வெளிநாட்டுக் கனவு உள்ளவருக்கும் லிங்க்ட்இன். எதில் வந்த அழைப்பானாலும், ‘பதிவுக் கட்டணம்’ என்று பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.