நியூக்மேப் விமர்சனம்: கணக்கு சரி, படிப்பதில்தான் கோளாறு

இந்தியாவும் பாகிஸ்தானும் முறைத்துக்கொள்ளும் போதெல்லாம் ஒரு வரைபடம் வாட்சப்பில் கிளம்பிவிடும். நடுவில் ஒரு நகரம், சுற்றிலும் மஞ்சள், சிவப்பு, சாம்பல் வளையங்கள், கீழே "இத்தனை லட்சம் பேர் சாவார்கள்" என்று ஒரு வரி. 2025 மே 7 முதல் 10 வரையான நான்கு நாள் மோதலைப் போன்ற நேரங்களில் இந்தப் படங்களுக்கு மவுசு அதிகம். அவற்றில் பெரும்பாலானவை பிறக்குமிடம் நியூக்மேப் என்ற இணையதளம். அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியில் அறிவியல் வரலாறு கற்பிக்கும் அலெக்ஸ் வெல்லர்ஸ்டைன் 2012-ல் தொடங்கியது. கட்டணம் இல்லை, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை.

தளத்தின் கணிதத்தில் பெரிய குறை சொல்ல முடியாது. அமெரிக்க அரசு சோதனை வெடிப்புகளில் அளந்து 1977 வாக்கில் தொகுத்து வெளியிட்ட விளைவுக் கணக்குகளே அடிப்படை. பிசகு வருவது இரண்டு இடத்தில்: எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போதும், வந்த வளையத்தைப் படிக்கும்போதும்.

பயன்படுத்துவது எளிது. குறியை இழுத்து ஊரின் மேல் வைக்க வேண்டும், குண்டின் வலிமையைக் கிலோடன்னில் (ஒரு கிலோடன் என்பது ஆயிரம் டன் டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமம்) தட்ட வேண்டும், வானில் வெடிப்பதா தரையில் வெடிப்பதா என்று சொல்ல வேண்டும், உயிர்ச்சேதமும் கதிரியக்கத் தூசியும் வேண்டுமானால் அந்தக் கட்டங்களை டிக் செய்து 'டெட்டனேட்' பொத்தானை அழுத்த வேண்டும். அரை நிமிட வேலை. அந்த எளிமையே வம்பு, ஏனென்றால் முதல் முறை வருபவர் நேராகப் போய் நிற்பது தளம் தயாராகத் தரும் குண்டுகளின் பட்டியலில் கடைசியில் இருக்கும் சோவியத் யூனியனின் ஜார் குண்டில்தான். 1961 அக்டோபர் 30 அன்று நொவாயா செம்லியா தீவில் 50 மெகாடன் (50,000 கிலோடன்) அளவில் ஒரே ஒரு முறை வெடிக்கப்பட்ட பொருள் அது. எந்த ஏவுகணையும் தூக்கிப் போகிற எடையில்லை, இன்று எந்த நாட்டுப் படையிலும் இல்லை. அதைச் சென்னை மேல் போட்டுப் படம் பிடித்து அனுப்புவது, ரயில் இன்ஜின் மோதினால் சைக்கிள் என்னவாகும் என்று காட்டுவது போலத்தான்.

தெற்காசியாவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் பட்டியலை விட்டுவிட்டு எண்ணை நீங்களே தட்டுங்கள். 12, 15, 40 ஆகிய மூன்றும் போதும். 1998 மே 11 அன்று பொக்ரானில் வெடித்த பிளவுக் குண்டின் வலிமை 12 கிலோடன் என்றும், வெப்ப அணுக்கரு (ஹைட்ரஜன்) குண்டின் வலிமை சுமார் 45 கிலோடன் என்றும் இந்திய அணுசக்தித் துறை அறிவித்தது. வெளிநாட்டு நில அதிர்வு ஆய்வாளர்களின் கணக்கு அதைவிடக் குறைவு. அந்தப் பெரிய குண்டு எதிர்பார்த்தபடி வெடிக்கவில்லை என்று சோதனையில் பங்கேற்ற கே. சந்தானமே 2009-ல் சொல்ல, அணு விஞ்ஞானிகள் ஆர். சிதம்பரமும் அனில் ககோட்கரும் மறுத்தார்கள். பாகிஸ்தான் சொன்ன எண்ணுக்கும் வெளியாட்கள் அளந்ததற்கும் இதேபோல இடைவெளி உண்டு. ஆகவே பட்டியலில் இந்த இரண்டு நாடுகளின் பெயருக்கு எதிரே இருக்கும் எண்களை, அந்தந்த நாடு சொல்லிக்கொண்ட எண்களாக மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

எண் தப்பினாலும் வளையம் அந்த அளவுக்குத் தப்பாது என்பது ஒரு சமாதானம். வெடிப்பலை எட்டும் தூரம் வலிமையின் கனமூலத்தைப் பொறுத்தது. குண்டு எட்டு மடங்கு பெரிதானால் தூரம் இரண்டு மடங்குதான் ஆகும். 15 கிலோடன் குண்டு வானில் வெடித்தால், சாதாரண வீடுகள் இடிந்து விழும் 5 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 5 பவுண்டு அழுத்தம்) வளையம் சுமார் 1.7 கிலோமீட்டர். 120 கிலோடன்னுக்கு அது சுமார் 3.4 கிலோமீட்டர். 15 மெகாடன், அதாவது ஆயிரம் மடங்கு பெரிய குண்டு, பத்து மடங்கு தூரம்தான் போகும். 12-க்குப் பதில் 15 என்று தட்டியதால் வரும் வேறுபாடு நூறு மீட்டர் சொச்சம்தான்.

இனி வளையங்கள். தீக்கோளம் நடுவில் ஒரு சிறு புள்ளி. 15 கிலோடன்னுக்கு ஏறத்தாழ 200 மீட்டர் ஆரம். அடுத்து பச்சை நிறத்தில் 500 ரெம் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு வளையம், சுமார் 1.2 கிலோமீட்டர். அதற்கு வெளியே 5 பி.எஸ்.ஐ. வளையமும், மூன்றாம் நிலைத் தீக்காயம் தரும் வெப்ப வளையமும். எல்லாவற்றுக்கும் வெளியே 1 பி.எஸ்.ஐ. இந்த வரிசையை நன்றாகப் பாருங்கள். அணுகுண்டு என்றதும் மனதில் வருவது கதிர்வீச்சு. ஆனால் வெடித்த கணத்துக் கதிர்வீச்சு எட்டும் இடத்தில் நிற்பவரை வெடிப்பலையும் வெப்பமும் முன்பே முடித்துவிடும். ஒரு கிலோடன் அளவுக்கு இறங்கினால்தான் பச்சை வளையம் வெடிப்பலை வளையத்தை எட்டிப் பிடிக்கும். மெகாடன்னுக்கு ஏற்றிப் பாருங்கள், பச்சை உள்ளே அடங்கிப்போகும், உயரத்தைப் பொறுத்து காணாமலே போகலாம். வெப்ப வளையம் மட்டும் மற்ற எல்லாவற்றையும்விட வேகமாக விரியும். இந்த ஒரு பாடத்துக்காகவே தளத்துக்கு மதிப்பெண் தரலாம்.

பெரும்பாலானவர்கள் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போவது வெளி வளையமான 1 பி.எஸ்.ஐ.யை. 15 கிலோடன்னுக்கு அது நாலரை கிலோமீட்டர் வரை போகும். கட்டடம் நிற்கும், ஜன்னல் கண்ணாடி நொறுங்கும் என்பது இதன் பொருள். பரப்பளவில் பார்த்தால் பாதிக்கப்படும் பகுதியின் பெரும்பங்கு இந்த வளையத்தில்தான் இருக்கும், காயம்பட்டவர்களும் இங்கேதான் குவிவார்கள். காரணம் மனித இயல்பு. ஒளி உடனே வரும். அலை வர 4 கிலோமீட்டரில் சுமார் பத்து வினாடி ஆகும். அந்தப் பத்து வினாடியில் எல்லோரும் "என்ன வெளிச்சம்" என்று ஜன்னலுக்கு ஓடுவார்கள். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானில் விண்கல் வெடித்தபோது நடந்தது இதுதான். சுமார் 1,500 பேர் சிகிச்சை தேடி வந்தார்கள், பெரும்பாலோருக்குக் கண்ணாடிச் சில்லு காயம், ஒருவரும் சாகவில்லை. தளம் இதையெல்லாம் காட்டாது. மெல்லிய கோடு ஒன்றைப் போட்டுவிட்டு நின்றுவிடும். பளீர் என்று ஒளி அடித்தால் ஜன்னலை விட்டு விலகித் தரையில் குப்புறப் படுக்க வேண்டும் என்ற அறிவுரைக்கு அந்தக் கோடுதான் ஆதாரம். இன்னொன்று, கண்ணாடி உடைவது அந்தக் கோட்டோடு நின்றுவிடுவதில்லை. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தபோது, ஒரு கிலோடன்னைத் தொடாத அந்த வெடிப்புக்கே கிலோமீட்டர்கள் தள்ளி இருந்த கண்ணாடிகள் சிதறின.

அடுத்து, வரைபடம் சமதளம். மலை இல்லை, கட்டடம் இல்லை, மேகம் இல்லை. நாகசாகியில் ஹிரோஷிமாவைவிடப் பெரிய குண்டுதான் விழுந்தது. ஆனால் அது உரகாமி பள்ளத்தாக்கில் வெடித்ததால் பழைய நகரத்தின் ஒரு பகுதியைக் குன்றுகள் காத்தன. நியூக்மேப்பில் அந்தக் குன்றுகள் கிடையாது. வெப்ப வளையமும் தெளிந்த வானத்துக்கானது. ஜனவரி மாத டெல்லி மூடுபனியில் அந்த வளையம் கணிசமாகச் சுருங்கும். எதிர்ப்பக்கமும் உண்டு: கட்டடங்கள் ஒன்றுசேர்ந்து எரிந்து தீப்புயலாக மாறுவதைத் தளம் கணக்கில் சேர்ப்பதில்லை. ஹிரோஷிமாவில் அதுவும் பெரிய எமன்.

உயிர்ச்சேத எண்ணைப் பற்றித் தளமே எச்சரிக்கிறது: தோராயத்துக்குத்தான், முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று. அதைப் படம் பிடிப்பவர்கள் வெட்டிவிடுகிறார்கள். அந்த எண், ஒரு நாளின் பகலையும் இரவையும் சராசரியாக்கிய மக்கள்தொகைத் தரவிலிருந்து வருகிறது. தி. நகரில் தீபாவளிக்கு முந்தைய மாலையும் அதிகாலை மூன்று மணியும் அதற்கு ஒன்றுதான். கதிரியக்கத் தூசியால் வரும் சாவுகளை வேண்டுமென்றே சேர்ப்பதில்லை, ஏனென்றால் அது வெடித்த பிறகு மக்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டு குண்டுகளை அருகருகே போட்டு எண்களைக் கூட்டினால், இரு வளையத்துக்கும் பொதுவான பகுதியில் இருப்பவர் இரண்டு தடவை சாவார்.

இப்போது, கதிரியக்கத் தூசி காற்றோடு போய் விழும் இடத்தைக் காட்டும் தூசிப் பட்டை. அதிகம் தவறாகப் படிக்கப்படுவது இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். வானில், தீக்கோளம் தரையைத் தொடாத உயரத்தில் வெடித்தால், பொருட்படுத்தத்தக்க பட்டை வராது. தரையில் வெடித்தால்தான் மண் உறிஞ்சப்பட்டு மேலே போய்த் தூசியாக இறங்கும். அதற்குக் கொடுக்கும் விலை, வெடிப்பலை வளையம் சுருங்குவது. அகன்ற வளையமும் நீண்ட தூசிப் பட்டையும் ஒரே குண்டுக்கு உரியவை போலச் சேர்த்துக் காட்டும் படத்தைப் பார்த்தால், இரண்டு தனி வெடிப்புகளை ஒட்டியிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

பட்டையில் மணிக்கு 1, 10, 100, 1000 ராட் (இதுவும் கதிர்வீச்சை அளக்கும் அலகுதான்) என்று எல்லைகள் இருக்கும். இவை வெடித்து ஒரு மணி நேரம் கழிந்த நிலைக்கு ஒப்பிட்டுச் சொல்லும் அளவுகள். தூரத்து ஊரில் அந்த நேரத்தில் தூசி வந்தே சேர்ந்திருக்காது. 100 ராட் எல்லை, வெடித்த இடத்திலிருந்து 100 கிலோமீட்டரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காற்று மணிக்கு 25 கிலோமீட்டர் என்றால் தூசி நான்காம் மணியில்தான் வரும். அதற்குள் வீரியம் தேய்ந்து மணிக்கு சுமார் 19 ராட்டுக்கு வந்திருக்கும். காலம் ஏழு மடங்கானால் வீரியம் பத்தில் ஒன்றாகும் என்பது பழைய விதி: 7 மணி நேரத்தில் 10 ராட், இரண்டு நாளில் 1 ராட். தூசி வந்ததிலிருந்து 24 மணி நேரம் வெட்டவெளியில் நிற்பவருக்குச் சேர்வது சுமார் 120 ராட்; வாந்தி வரலாம், பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். பத்தில் ஒரு பங்கை மட்டும் உள்ளே விடும் கான்கிரீட் கட்டடத்தின் நடு அறையில் இருந்தவருக்கு 12 ராட். ஓட்டு வீடும் தகரக் கூரையும் அந்த அளவுக்குத் தடுக்காது. பட்டை நம் ஊர் மேல் விழுகிறதே என்று காரை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் சிக்கி நிற்பதுதான் இருப்பதிலேயே மோசமான முடிவு.

காற்றை நீங்களேதான் தர வேண்டும். இங்கே வானிலைச் செயலியில் காட்டும் தரைக்காற்றைத் தட்டுகிறார்கள். மேகம் பல கிலோமீட்டர் உயரம் ஏறுகிறது. தூசியை இழுத்துப் போவது அங்குள்ள காற்று. குளிர்காலத்தில் வட இந்தியாவின் மேல்வானில் மேற்கிலிருந்து கிழக்காகக் காற்று ஓடும். லாகூருக்கும் அமிர்தசரஸுக்கும் இடையே 50 கிலோமீட்டர்தான். லாகூரில் தரையில் வெடிப்பதன் தூசி இரண்டு மணி நேரத்தில் எந்த ஊரில் இறங்கும் என்பதைத் தட்டிப் பாருங்கள். இந்தப் பிராந்தியத்தைப் பற்றி இந்தத் தளம் காட்டும் உருப்படியான படம் அதுதான்.

அணு உலை மேல் குறியை வைத்துப் பார்ப்பது வீண். உலையில் இருக்கும் நீண்ட ஆயுள் கதிரியக்கப் பொருள்கள் கணக்கில் இல்லை. ஏழுக்குப் பத்து விதியும் அங்கே செல்லாது. கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் வரும் வளையம், வெறும் குண்டின் வளையம். இந்தியாவும் பாகிஸ்தானும் ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்குவதில்லை என்று 1988 டிசம்பர் 31-ல் கையெழுத்திட்டு, ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளலாம். எரியும் நகரங்களின் கரி மேலே போய் வெயிலை மறைத்து விளைச்சலைக் கெடுப்பதும் தளத்துக்கு அப்பாற்பட்டது.

வெல்லர்ஸ்டைன் கையாலேயே வந்த மிசைல்மேப் என்ற துணைத் தளம் ஏவுகணை எட்டும் தூரத்தை வட்டமாகப் போடும். தன் ஷாகீன்-3 ஏவுகணைக்குப் பாகிஸ்தான் சொல்லும் 2,750 கிலோமீட்டரைக் கராச்சியிலிருந்து போட்டால், சுமார் 1,900 கிலோமீட்டரில் இருக்கும் சென்னை வட்டத்துக்குள் வரும். எட்டும் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை.

ஐந்துக்கு நான்கு தரலாம். ஒன்று குறைத்தது, ஆங்கிலம் தெரியாதவருக்கு எச்சரிக்கை வரிகள் போய்ச் சேராததற்கும், தூசிப் பட்டையில் நேரத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி போடாததற்கும். அடுத்த முறை யாராவது வளையப் படம் அனுப்பினால் படத்தைப் பார்க்காமல் இணைப்பைக் கேளுங்கள். தளம் தரும் நிரந்தர இணைப்பில் குண்டின் வலிமை, உயரம், காற்று எல்லாம் பதிவாகியிருக்கும். திறந்தால் 15 கிலோடன்னா, 50 மெகாடன்னா என்பது உடனே தெரிந்துவிடும்.