குர்ப்பீப் ஈரத்தில் ஒரு தோரென்ஸ் டி.டி. 160

மொரீஷியசின் குர்ப்பீப் ஊரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் தோரென்ஸ் டி.டி. 160 இசைத்தட்டு இயக்கியைப் பெரியப்பா 1974இல் பாரிஸில் வாங்கினார். 1978இல் அங்கிருந்த வேலையை விட்டு மொரீஷியசுக்குத் திரும்பியபோது, துணிமணிகளையும் பாத்திரங்களையும் கப்பலில் அனுப்பிவிட்டு, இதை மட்டும் கையோடு கொண்டுவந்தார். கிரியோல் பேச்சில் எல்லோரும் சொல்வதுபோல் பெரியம்மாவுக்கு அது இன்றும் ‘பிளாத்தீன்’தான். 1991இல் பெரியப்பா காலமான பிறகு அது என் பொறுப்பில் வந்தது. அன்று முதல் அதைத் துடைப்பதும், கழற்றிப் பார்ப்பதும், எண்ணெய் இடுவதும் நானே. பழைய கருவி ஒன்றை வாங்கலாமா என்று அவ்வப்போது கேட்கும் நண்பர்களுக்கு வாய்மொழியாகச் சொல்லிவந்ததை இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

தோரென்ஸ் நிறுவனம் 1883இல் சுவிட்சர்லாந்தின் சேந்த்-குருவா என்னும் ஊரில் இசைப்பெட்டிகள் செய்யத் தொடங்கியது. நம் போர்ட் லூயிஸில் கத்தோலிக்கப் பாதிரியார் பெர் லவாலின் சமாதி இருக்கும் பகுதிக்கும் அதே பெயர் என்பதில் பெரியப்பாவுக்குத் தனி மகிழ்ச்சி. ஒவ்வொரு செப்டம்பரிலும் அங்கே நடந்துபோய்த் திரும்பியதும் இந்தக் கருவியின் மூடியைத் துடைத்துவிட்டுத்தான் காப்பி குடிப்பார். எங்களிடம் இருப்பது சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டதன்று. 1960களின் நடுவிலிருந்து இந்நிறுவனத்தின் இயக்கிகள் ஜெர்மனியின் லார் நகரில் உருவாயின. 1972இல் வெளிவந்த டி.டி. 160உம் அங்கே பிறந்ததுதான்.

இதன் அமைப்பைப் புரிந்துகொண்டால் பராமரிப்பில் பாதி முடிந்தது. ஏறத்தாழ 3.2 கிலோ எடையுள்ள சுழல்தட்டும், ஊசியைத் தாங்கும் கையான டோன் ஆர்மும் ஒரே உலோக உட்சட்டத்தில் பொருத்தப்பட்டிருக்கின்றன. அந்தச் சட்டத்தை மூன்று சுருள்வில்கள் தாங்குகின்றன. மோட்டாரோ மேல்தகட்டோடு இறுக்கப்பட்டுத் தனியே நிற்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள ஒரே தொடர்பு ஒரு மெல்லிய ரப்பர் பெல்ட். ஆகவே மோட்டாரின் அதிர்வு ஊசிக்கு ஏறக்குறைய வருவதேயில்லை. சுழல்தட்டின் வெளிப்பகுதியைத் தூக்கினால் உள்தட்டும், அதைச் சுற்றிய பெல்ட்டும், நிமிடத்துக்கு 33⅓, 45 சுற்று வேகங்களுக்கான இரண்டு படிகள் கொண்ட கப்பியும் கண்ணெதிரே இருக்கும். வேகத்தை மாற்றும் நெம்புகோல் பெல்ட்டை ஒரு படியிலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளுகிறது, அவ்வளவே. மறைவான எதுவும் இல்லாத இந்த அமைப்பை, மின்னணுவியல் படிக்காத நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பேணிவருகிறேன். இதைவிடப் பெரிய சான்றிதழ் எதையும் என்னால் தர இயலாது.

நம் இசையைக் கேட்பவர்களுக்கு இந்தக் கருவியில் முக்கியமானது ஒன்றுதான்: அது சுருதியைக் காப்பாற்ற வேண்டும். மேற்கத்திய இசைக்குழுவின் தட்டில் வேகம் சற்றே அலைந்தால் பலருக்குத் தெரியாமல் போகலாம். தம்பூரா விடாமல் ஒலிக்கும் கச்சேரித் தட்டிலோ, நாகஸ்வரத்தில் ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்கும் இடத்திலோ, மிகச் சிறிய அலைவும் பல்லில் மணல் பட்டதுபோல் உடனே உறுத்தும். எனவே எந்தத் தட்டு இயக்கியைச் சோதிப்பதானாலும் நான் நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனின் நாகஸ்வரத் தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போவேன். எங்கள் டி.டி. 160 நல்ல பெல்ட்டோடு இருக்கும்போது அந்த நீண்ட சுரம் கோயில் கோபுரம்போல் அசையாமல் நிற்கும். ஆனால் கருவியைக் குறை சொல்வதற்கு முன் தட்டையும் பார்க்க வேண்டும். மையத்துளை ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகியிருந்தாலும், தட்டின் உள்வட்டத்தில் வேகம் ஏறத்தாழ 1.7 சதவீதம் ஏறியும் இறங்கியும் ஒலிக்கும். 1.8 வினாடிக்கு ஒருமுறை, அதாவது சுற்றுக்கு ஒருமுறை, ஒரே சீராக வரும் அலைவு என்றால் குற்றம் பெரும்பாலும் தட்டினுடையதே. கல்கத்தாவின் டம்டம் ஆலையில் அச்சான பழைய எச்.எம்.வி. தட்டுகள் எங்கள் வீட்டில் நிறைய உண்டு. அவற்றில் இரண்டு இப்படி மையம் விலகியவை. அவற்றை நான் வைத்துக்கொண்டிருப்பது பாடியவர்மேல் உள்ள அன்பினால் மட்டுமே.

இதன் மோட்டார் 16 துருவங்கள் கொண்ட ஒத்தியங்கு மோட்டார். அதன் வேகத்தைத் தீர்மானிப்பது மின்சாரத்தின் அதிர்வெண். 50 ஹெர்ட்ஸில் அது நிமிடத்துக்கு 375 சுற்றுகள் சுற்றும். மாலை நேரத்தில் மின்னழுத்தம் இறங்கி விளக்குகள் மங்கினாலும் பாட்டின் வேகம் மாறாது. இதன் மறுபக்கத்தை 1994 பிப்ரவரியில் ஹோலாண்டா புயல் வந்துபோன பிறகுதான் உணர்ந்தேன். பல நாள் மின்சாரம் இல்லை. பக்கத்து வீட்டார் தம் ஜெனரேட்டரிலிருந்து ஒரு கம்பி இழுத்துக் கொடுத்தார்கள். பெரியம்மாவின் மனம் ஆறட்டும் என்று முருகன் பாடல் தட்டு ஒன்றைப் போட்டேன். டி.எம். சௌந்தரராஜனின் குரல் சுருதியைவிட்டு மேலேறியது, பிறகு தளர்ந்தது, மறுபடி ஏறியது. பெல்ட்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து அதைக் கழற்றி வீணாக நேரம் செலவிட்டேன். ஜெனரேட்டர் 50க்குப் பதிலாக 51 ஹெர்ட்ஸ் கொடுத்தாலே ஒரு சுரத்தானத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குரல் உயர்ந்துவிடும் என்பதைப் பின்னர்தான் கணக்கிட்டுப் பார்த்தேன். இதே காரணத்தால், 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாட்டிலிருந்து வாங்குபவர்கள் கப்பியையும் மாற்ற வேண்டும்; இல்லையேல் எல்லாப் பாட்டும் மெதுவாகவே ஓடும்.

வேகத்தைச் சரிபார்க்க 180 கோடுகள் கொண்ட வட்டத் தாள் ஒன்று போதும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் விளக்கு வினாடிக்கு 100 முறை மினுங்குவதால், வேகம் 33⅓ ஆக இருந்தால் கோடுகள் நின்றதுபோல் தோன்றும். இப்போதைய எல்.இ.டி. விளக்குகள் பலவற்றில் இந்த மினுக்கம் இல்லாததால் கோடுகள் கலங்கலாகவே தெரியும். அதற்காகவே ஒரு சிறு நியான் இரவு விளக்கை மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

இனி ஈரம். குர்ப்பீப் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போர்ட் லூயிஸில் வெயில் கொளுத்தும் நாளிலும் இங்கே தூறிக்கொண்டிருக்கும். இந்த ஊரில் பழங்கருவிகளைக் கெடுப்பது வயது என்பதைவிட ஈரம் என்பதே சரி. டி.டி. 160இன் அடியை மூடியிருக்கும் ஹார்ட்போர்டு பலகை முதலில் உப்பியது, பிறகு பூசணம் பிடித்தது, 1996இல் விளிம்பு மாவாக உதிரத் தொடங்கியது. அதே அளவில் ஈரம் தாங்கும் கடற்பலகை (மரைன் ஒட்டுப்பலகை) ஒன்றை வெட்டி, இருபுறமும் வார்னிஷ் பூசித் திருகிவிட்டேன். அது இன்றும் நேராக இருக்கிறது. பெல்ட்டை நான் ஏறக்குறைய ஏழு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறேன். மாற்றும்போது கப்பியையும் உள்தட்டின் விளிம்பையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பிறகு அங்கே விரல் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நடு பேரிங்கில் பழைய எண்ணெயைப் பஞ்சால் முற்றிலும் எடுத்துவிட்டுச் சில துளி புதிய எண்ணெய் இட்டால், உள்தட்டு தன் எடையால் மெல்ல மெல்ல இறங்கி அமரும். அந்தக் காட்சி எனக்கு இன்னும் அலுக்கவில்லை. துருவை இளக்கும் தெளிப்பான்களை இங்கே ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. அவை எண்ணெயைக் கரைத்துவிட்டுத் தாமும் ஆவியாகிவிடும்.

இசைத்தட்டுகளின் பூசணத்தைத் துடைக்க, வடித்த நீரில் சிறிது ஆல்கஹால் கலந்த கரைசல் வினைல் தட்டுகளுக்கு ஏற்றது. ஆனால் தாத்தா காலத்து, நிமிடத்துக்கு 78 சுற்று வேகத் தட்டுகள் ஷெல்லாக்கால் ஆனவை. ஆல்கஹால் அவற்றைக் கரைத்துவிடும். ஈரம் தங்காதிருக்கத் தட்டுகள் இருக்கும் அலமாரியின் அடியில் பழைய வகை 15 வாட் குண்டு விளக்கு ஒன்றை எரியவிடுகிறேன். தட்டுகளுக்கும் அதற்கும் இடையே இரண்டு சாண் இடைவெளி உண்டு.

1990களின் இறுதியில் ஓர் ஒலிக்கருவிக் கடையில் டி.டி. 160ஐப் பழுதுபார்க்கக் கொடுத்ததுதான் இத்தனை ஆண்டுகளில் நான் செய்த ஒரே பெருந்தவறு. ஒரு பக்கம் ஒலி விட்டுவிட்டு வந்ததால் ஆம்பிளிபயருக்குப் போகும் கம்பியை மாற்றச் சொன்னேன். அவர்கள் விரல் தடிமனுள்ள கம்பி ஒன்றை இணைத்து, அதை உட்சட்டத்திலிருந்து நேராக வெளியே இழுத்துக் கட்டியிருந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் ஒலி மந்தமாகிவிட்டது. யாராவது நடந்தால் ஊசி தாண்டியது. காரணம் புரிய எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. உட்சட்டம் சுருள்வில்களின்மேல் சுதந்திரமாக மேலும் கீழும் ஆட வேண்டும். விறைப்பான கம்பி அதை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தது. மெல்லிய, வளையும் கம்பியைப் போட்டு, வெளியே வரும் வழியில் அதை அடிச்சட்டத்தோடு ஒரு பிடியால் நிறுத்தி, உள்ளே சிறு வளைவாகத் தளர விட்டதும் எல்லாம் சரியாயிற்று. பிறகு அடியில் உள்ள, சுருள்வில்களின் மூன்று மரைகளையும் (நட்டுகளையும்) மாறிமாறித் திருகி, சுழல்தட்டை மெதுவாக அழுத்தி விட்டால் அது ஒரு பக்கமும் சாயாமல் நேர்க்கோட்டில் துள்ளும்வரை சரிசெய்தேன். இந்தக் கருவியில் பொறுமை தேவைப்படும் ஒரே வேலை அதுதான். முதல்முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆயிற்று, இப்போது அரை மணி நேரம் போதும்.

கரோல் புயல் 1960இல் தீவைப் புரட்டிப்போட்ட பிறகு பெரும்பாலோர் காங்கிரீட் வீடுகளுக்கு மாறிவிட்டார்கள். எங்களுடையது தப்பிப் பிழைத்த மரவீடு, தரையும் பலகை. துள்ளும் தரையும் துள்ளும் சுருள்வில்லும் சேர்ந்தால் ஊசி பள்ளத்தில் நிற்காது. கருவியை மேசையிலிருந்து எடுத்து, வீட்டின் தடித்த மரத்தூணில் அறைந்த சுவர்த்தாங்கியில் வைத்த பிறகே பேரப்பிள்ளைகள் ஓடும்போதும் பாட்டுக் கேட்க முடிந்தது. காங்கிரீட் தரை உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

பெரியப்பா பொருத்தியிருந்த ஷூர் எம்75 கார்ட்ரிட்ஜே (ஊசி பொருந்தும் பகுதி) இன்றும் இருக்கிறது. ஷூர் நிறுவனம் 2018இல் கார்ட்ரிட்ஜ் தொழிலை நிறுத்தியபோது கவலைப்பட்டேன். ஜப்பானின் ஜிகோ நிறுவனம் மாற்று ஊசிகளைச் செய்துவருவதால் அந்தக் கவலை நீங்கியது. ஊசி ஓடிய நேரத்தை அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு தாளில் குறித்து, 800 மணி நேரத்தில் மாற்றிவிடுகிறேன். தேய்ந்த ஊசி பள்ளத்தைச் செதுக்கிவிடும். அதன்பின் புது ஊசி வந்தும் பயனில்லை.

குறைகளும் உண்டு. இதில் 78 வேகம் இல்லை. தாத்தாவின் தட்டுகளுக்கு வேறு கருவி தேடத்தான் வேண்டும். தட்டு முடிந்ததும் தானாக நிற்காது. கைநெம்பால் ஆர்மைத் தூக்க மறந்து உறங்கிவிட்டால் விடியும்வரை உள்வட்டத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். முதியவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கு இது சிறு குறையன்று. திருப்புளியைத் தொட விரும்பாதவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை; அவர்களுக்கு டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 இயக்கி ஏற்றது. அதன் 1979ஆம் ஆண்டு மாதிரியோ பின்வந்தவையோ மின்சார அதிர்வெண்ணைச் சாராத குவார்ட்ஸ் கட்டுப்பாட்டில் ஓடுவதால், ஜெனரேட்டர் மின்சாரத்திலும் சுருதி பிசகாது, சரிசெய்யச் சுருள்வில்லும் கிடையாது. ஒலியில் எனக்கு தோரென்ஸின் இதமே பிடிக்கும். மிருதங்கத்தின் தொப்பி ஒலி இதில் காற்றோடு சேர்ந்து வருவதுபோல் வேறெதிலும் நான் கேட்டதில்லை.

பழையதை வாங்கப் போகிறவர்கள் மூடியின் பளபளப்பைப் பார்க்க வேண்டாம். பெல்ட்டைக் கழற்றிவிட்டு உள்தட்டைக் கையால் சுற்றி, அது அரவமின்றி நெடுநேரம் சுழல்கிறதா என்று பாருங்கள். கரகரத்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது, விட்டுவிடுங்கள். ஆர்மை மெல்லப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் தளர்வு தெரியக் கூடாது. வாங்கியபின் வெளித்தட்டையும் உள்தட்டையும் கழற்றித் தனித்தனியே துணியில் சுற்றி, உட்சட்டத்தைப் போக்குவரத்துத் திருகுகளால் இறுக்கிய பிறகே காரில் ஏற்றுங்கள். வீட்டில் அமர்த்தியதும் அந்தத் திருகுகளைத் தளர்த்த மறக்க வேண்டாம். போ பாஸ்ஸேனிலிருந்து வந்த நண்பர் ஒருவர், ஒலி சரியில்லை என்று இரண்டு ஆண்டுகள் வருந்திய தம் டி.டி. 160ஐ என்னிடம் கொண்டுவந்தபோது, அந்த மூன்று திருகுகளும் இறுகியபடியே இருந்தன.