பிபிஎஸ் பையா, பிடிஎஃப்இ பையா?

நிலக்கரி பாய்லர் புகையில் வரும் தூசியை வடிகட்டத் துணிப் பைகள் மாட்டுவார்கள். அந்தப் புகையின் சூட்டுக்கும் ஈரத்துக்கும் பாலியஸ்டர் பை தாங்காது. சரி, பிபிஎஸ் (பாலிஃபினிலீன் சல்ஃபைடு), பிடிஎஃப்இ (டெஃப்லான்) என்ற இந்த இரண்டு இழைகளில் எது?

வெப்பம்: பிபிஎஸ் தொடர்ந்து சுமார் 190 டிகிரி செல்சியஸ் வரை, பிடிஎஃப்இ சுமார் 260 வரை.

அமிலம்: இரண்டுமே நிற்கும்.

ஆக்சிஜன்: பிபிஎஸ் சறுக்குவது இங்கேதான். வடிகட்டி அறையின் கதவு, இணைப்பு வழியாக வெளிக்காற்று புகுந்து புகையில் ஆக்சிஜன் ஏறினாலோ, நைட்ரஜன் டைஆக்சைடு கூடினாலோ இழை கருத்துப்போகும். விரலால் மடித்தாலே முறியும். பிடிஎஃப்இக்கு இந்தக் கவலையே இல்லை.

தேய்மானம்: பிடிஎஃப்இ மென்மையானது. பையை உள்ளிருந்து தாங்கும் கூண்டுக் கம்பியில் துருவோ பிசிறோ இருந்தால் அங்கேயே ஓட்டை விழும்.

விலை: பிடிஎஃப்இ பல மடங்கு அதிகம்.

சீராக ஓடும், கசிவில்லாத பாய்லருக்கு பிபிஎஸ் தாராளமாகப் போதும். என்ன எரிகிறது என்றே நிச்சயமில்லாத குப்பை எரிப்பு ஆலைக்கு பிடிஎஃப்இதான். அங்கே விலை பார்க்காதீர்கள். எதுவானாலும், ஆர்டர் போடும் முன் ஆக்சிஜனை அளந்துவிடுங்கள்.