மேசைக்கு மேலே தொங்கும் செடிகள்: 3 வருடம் கழித்து ஒரு கணக்கு

வெளியில் உட்கார்ந்து சாப்பிடும் மேசைக்கு மேலே செடிகளைத் தொங்கவிட்டு 3 வருடம் ஆகிறது. முதல் வாரம் எடுத்த போட்டோவைப் பார்த்துவிட்டு "இது கஷ்டமா?" என்று கேட்ட எல்லோருக்கும் "ரொம்ப சுலபம், ஒரு நாள் வேலை" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் பாதியை இப்போது வாபஸ் வாங்குகிறேன். மாட்டுவது ஒரு நாள் வேலைதான், ஆனால் அதற்கு அப்புறம் வாரத்துக்கு 2 முறை தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதை மாட்டும்போது யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை.

அமைப்பு இதுதான்: பழைய மர ஏணி ஒன்றைப் படுக்கைவாக்கில் வைத்து, நான்கு மூலையிலும் கயிறு கட்டி, கூரை விட்டத்திலிருந்து தொங்கவிட்டேன். படிகளுக்கு இடையில் 6 தொட்டிகள். நடுவில் இரண்டு இடத்தில் மட்டும் கட்டினால் காற்றடிக்கும்போது சுற்ற ஆரம்பித்துவிடும், அதனால் நான்கு மூலை அவசியம். உயரத்தில் முதலில் ஏமாந்தேன். மேசைப் பலகையிலிருந்து தொட்டியின் அடிவரை 80 செ.மீ. இருந்தால் போதும் என்று அளந்து மாட்டினேன், கொடி வளர்ந்து இறங்கியதும் எதிரில் உட்காருகிறவர் முகமே தெரியவில்லை. அளவைத் தொட்டியிலிருந்து எடுக்கக் கூடாது, கொடி எதுவரை தொங்கப் போகிறதோ அந்த நுனியிலிருந்து எடுக்க வேண்டும்.

நடுவில் சோம்பேறித்தனத்தில் பிளாஸ்டிக் கொடிகளையும் முயன்றேன். வெயிலில் சில மாதத்திலேயே பச்சை போய் ஒரு மாதிரி நீலம் பாய்ந்துவிட்டது, மேலே தூசி வேறு. அதைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை.

பெரிய பிரச்சினை எடையில்தான் வந்தது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. காய்ந்திருக்கும்போது லேசாகத் தெரிகிற தேங்காய் நார்க் கலவை, ஊற்றின தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டு அப்படியே பிடித்துவைத்துக்கொள்ளும். 6 தொட்டிக்கும் ஊற்றி முடித்தால் 5 கிலோ கூடியிருக்கும். நான் அழகுக்காகச் சணல் கயிறு போட்டிருந்தேன். சணல் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்தால் உள்ளுக்குள்ளேயே மக்கும், அதிலும் முடிச்சுக்குள் ஈரம் போகவே போகாது. எட்டாவது மாதம் ஒரு காலையில் ஒரு மூலை அறுந்து ஏணி சாய்ந்து கிடந்தது. கீழே யாரும் இல்லை, ஒரு தொட்டியும் இரண்டு தட்டும் போனதோடு சரி. அன்றைக்கே பாலியெஸ்டர் கயிறுக்கு மாறினேன், வெயிலை அது நன்றாகத் தாங்குகிறது. விட்டத்தில் சும்மா திருகி வைத்த கொக்கிகளையும் கழற்றிவிட்டு, விட்டத்தைத் துளைத்து மறுபக்கம் நட் போட்டு முறுக்கும் வளைய போல்ட் போட்டேன்.

அப்போதுதான் கப்பியும் வந்தது, இந்த 3 வருடத்தில் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்பேன். அதுவரை நாற்காலி மேல் ஏறி நின்று ஊற்றுவேன், பாதி தண்ணீர் கை வழியாகச் சட்டைக்குள் போகும், மீதி ஒரு மணி நேரம் மேசையில் சொட்டும். இப்போது சாயங்காலம் மேசையில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு ஏணியை அதன்மேல் இறக்கி, ஊற்றி, ராத்திரி முழுக்க வடியவிட்டு, காலையில் மேலே ஏற்றுகிறேன். ஒரு விஷயம், ஏற்றின பிறகு எடை கப்பிக் கயிற்றில் நிற்கக் கூடாது. விட்டத்திலிருந்து தொங்கும் நான்கு சங்கிலிகளில் மாட்டிவிட வேண்டும், தலைக்கு மேலே தொங்குகிற பொருளுக்கு ஒரே ஒரு கயிற்றை நம்ப எனக்கு இனிமேல் தைரியம் இல்லை.

செடிகளில் அசராமல் நின்றது மணி பிளாண்ட்தான். நீண்டுபோனால் கணுவுக்குக் கீழே வெட்டித் தண்ணீரில் போட்டால் வேர்விடும், காலியான இடத்துக்கு அதையே நட்டுக்கொள்கிறேன். ஆனால் அதன் இலையில் கால்சியம் ஆக்ஸலேட் என்கிற உப்பின், ஊசி மாதிரியான நுண்ணிய படிகங்கள் உண்டு, மென்றால் வாயும் நாக்கும் எரியும். சாப்பிடுகிற இடமாயிற்றே, பழுத்த இலை தட்டில் விழும்வரை விட்டுவைக்காதீர்கள். சின்னக் குழந்தையோ பூனையோ இருக்கும் வீடு என்றால் ஸ்பைடர் பிளாண்ட் போடுங்கள், அதில் அந்தத் தொல்லை இல்லை. பெரணி பார்க்க அதைவிட அழகு, ஆனால் ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் காய்ந்து பொடிப்பொடியாக மேசையில் கொட்டும். இரண்டு முறை வைத்தேன், இரண்டு முறையும் போய்விட்டது. பூச்செடி வைக்கும் எண்ணமே வேண்டாம், சாப்பிடும் நேரத்தில் தேனீயும் வந்து சேரும்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கலாமே என்று பலர் கேட்டார்கள். வைத்துப் பார்த்தேன். தேங்கும் தண்ணீரில் கொசு முட்டையிட்டால் ஒரு வாரம் பத்து நாளில் பறக்க ஆரம்பித்துவிடும், அதுவும் நம் தலைக்கு நேர் மேலே. தட்டுகளை எடுத்துவிட்டேன். மாவுப்பூச்சி ஒரு தடவை வந்தது, ஏணி கீழே இறங்குவதால் இலையைத் திருப்பிப் பார்த்து ஈரத்துணியால் துடைக்க முடிந்தது. மெழுகுவர்த்தியை ஏற்றி அடியில் வைக்கும் பழக்கத்தையும் விட்டாயிற்று, காய்ந்த கொடி நுனி ஒன்று கருகியதைப் பார்த்த பிறகு.

பலத்த காற்று என்றால் இன்னும் ஏணியைக் கீழே இறக்கி மேசையிலேயேதான் வைக்க வேண்டியிருக்கிறது, அன்றைக்கு எல்லோருக்கும் சாப்பாடு உள்ளேதான். ஏணியின் கடைசிப் படி ஈரத்தில் மெத்தென்று ஆகியிருப்பதை போன வாரம் விரலால் அழுத்திப் பார்த்தேன். அடுத்தது துருப்பிடிக்காத கம்பி வலைச் சட்டம்தான், அதற்கு அளவெடுத்தாயிற்று.