கல், தூள், இந்துப்பு: உப்பு வாங்கும் முன் ஒரு கணக்கு

தூள் உப்பைத் தேக்கரண்டியில் தலைதட்டி எடுத்தால் ஏறத்தாழ 6 கிராம் நிற்கும். அதே கரண்டியில் 3 கிராம்கூடத் தேறாத இலேசான செதில் உப்பு வகைகள் உண்டு. கல் உப்பு, பரலின் பருமனைப் பொறுத்து, இரண்டுக்கும் நடுவில் எங்காவது நிற்கும். "கல் உப்புக்கு மாறினேன், கரிப்பு குறைந்துவிட்டது" என்பவர்கள் பெரும்பாலும் கண்டது பரல்களுக்கு நடுவே இருந்த காற்றைத்தான். தராசில் வைத்தால் அந்த வித்தியாசம் போய்விடும். குறை சோடியம் உப்பு (சோடியத்தில் ஒரு பகுதிக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்தது) நீங்கலாக, உலர்ந்த எந்த உப்பிலும் எடைக்கு எடை சோடியம் ஏறத்தாழ 37 முதல் 39 சதவீதம். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு நாளுக்கு 5 கிராம் உப்புக்கும் குறைவு. தலைதட்டிய ஒரு தேக்கரண்டித் தூள் உப்பே அதைத் தாண்டிவிடும்.

செதில் உப்புக்கு எழுதிய சமையல் குறிப்பில் தூள் உப்பைப் போட்டால் வாயில் வைக்க முடியாமல் கெடுவதும் இதனால்தான். கரண்டிக் கணக்கை விட்டுவிட்டு எடையில் போடுங்கள். சூப்புக்கு மொத்த எடையில் 0.8 முதல் 1 சதவீதம் போதும். ஒரு லிட்டருக்கு 8 கிராமில் தொடங்கி, ருசி பார்த்து ஏற்றலாம். உருளைக்கிழங்கு போட்டால் அதிகப்படி உப்பை அது மட்டும் உறிஞ்சிக்கொள்ளும் என்பது வெறும் நம்பிக்கை. தண்ணீரோ உப்பில்லாத காயோ சேர்த்து அளவைப் பெருக்குவதுதான் ஒரே வழி.

தினசரிச் சமையலுக்கு எங்கள் தேர்வு அயோடின் கலந்த தூள் உப்பு. பெரியவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் தேவை, கர்ப்பிணிக்கு 250. கிலோவுக்கு 30 மில்லிகிராம் அயோடின் உள்ள உப்பு என்றால் 5 கிராமிலேயே 150 மைக்ரோகிராம் வந்துவிடும். கூட்டுப்பொருள் பட்டியலில் பொட்டாசியம் அயோடேட் இருந்தால் நல்லது. அயோடின் சேர்க்கப் பயன்படும் இன்னொரு பொருளான பொட்டாசியம் அயோடைடைவிட அது ஈரத்திலும் வெப்பத்திலும் அதிக நாள் தாங்கும். அப்படியும் திறந்த கிண்ணத்தில் அடுப்போரம் வைத்தால் அயோடின் மெல்லக் குறையும். மூடி இறுகிய டப்பாவில் வைத்து, முடிந்தவரை இறக்கும் நேரத்தில் சேருங்கள்.

தூள் உப்பின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. கட்டி தட்டாமலிருக்கச் சேர்க்கும் பொருள்களில் சில தண்ணீரில் கரையாது. உப்பு நீரில் காய் ஊறவைத்தால் அந்த நீர் பால் கலந்ததுபோல் மங்கும். கெட்டுப்போனதென்று பலர் கொட்டிவிடுகிறார்கள், பாவம். நொதித்தலைத் தடுக்கும் அளவுக்கு உப்பில் அயோடின் இல்லை; மங்கல் பார்வைக்கு மட்டும்தான்.

கல் உப்பு சரியாகப் பொருந்துவது இந்த ஊறவைக்கும் வேலைக்குத்தான். காயும் நீரும் சேர்ந்த எடையில் 2 முதல் 2.5 சதவீதம் போடலாம். சுத்திகரிக்காத உப்பிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் காயின் பெக்டினை (காயைக் கட்டாக வைத்திருக்கும் நார்ப்பொருள்) இறுக்கிப் பிடிப்பதால் மொறுமொறுப்பு நிற்கும். அதே இறுக்கம் காய்ந்த பயறு வேகும்போது எதிர்வேலை செய்யும், தோல் மெத்தென்று ஆகத் தாமதமாகும். மழைநாளில் கல் உப்பு கசிந்து நீர்விடுவதற்கு மக்னீசியம் குளோரைடுதான் காரணம். அதனால் உப்பு கெட்டுவிடாது. பரல் அடியில் மண் தெரிந்தால் 250 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஓர் இரவு தெளியவிட்டு, மேல்நீரைத் துணியில் வடித்து வையுங்கள். அந்தக் கரைசலில் 5 மில்லிலிட்டருக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல் உப்பு இருக்கும். ஒன்று மட்டும் கவனம்: கல் உப்பு எல்லாவற்றிலும் அயோடின் இருக்காது. பையில் எழுதியிருந்தால்தான் உண்டு.

இந்துப்புக்கு வருவோம். இமயமலை உப்பு என்ற பெயரில் விற்பதில் பெரும்பகுதி பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்திலுள்ள கேவ்ரா போன்ற சுரங்கங்களிலிருந்து வருகிறது. இளஞ்சிவப்பு நிறம் இரும்பு ஆக்சைடு. பல தாதுக்கள் இருப்பது உண்மை. அளவைப் பாருங்கள்: சோடியம் குளோரைடு போக மீதம் 2, 3 சதவீதம் என்றால், 5 கிராமில் எல்லாத் தாதுக்களும் சேர்ந்தே 100 முதல் 150 மில்லிகிராம். பொட்டாசியம் மட்டுமே நாளுக்கு 3,510 மில்லிகிராம் வேண்டும். தாதுக்காக அதிக விலை கொடுப்பதில் பொருளில்லை. வீடு முழுக்க இந்துப்புக்கு மாறினால் அயோடின் நின்றுபோகும் என்பதே இதிலுள்ள பெரிய சிக்கல், அதுவும் கர்ப்பிணி இருக்கும் வீட்டில். அழகுக்காக மேலே தூவ வாங்கினால் தூளாக வாங்குங்கள். கல்லாக இருந்தால் பல்லில் கடிபடும்.

கறுப்பு உப்பின் கந்தக வாசம் சூட்டில் பறந்துவிடும், கடைசியில் தூவினால்தான் நிற்கும். பழத்துக்கு நன்று. முட்டையில்லாத பண்டத்துக்கு முட்டை வாசம் தர இதைவிட எளிய வழி இல்லை.

ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குப் பயன் இருப்பதாகச் சான்று உள்ள ஒரே வகை குறை சோடியம் உப்பு. இதில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு. 75 பங்கு சோடியம் குளோரைடுக்கு 25 பங்கு பொட்டாசியம் குளோரைடு என்ற கலவையை வைத்துச் சீனக் கிராமங்களில் நடந்த பெரிய ஆய்வு 2021-ல் வெளியானது. பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. 2025-ல் உலக சுகாதார நிறுவனமும் இந்த வகையைப் பரிந்துரைத்தது, குழந்தைகள், கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் நீங்கலாக. பொட்டாசியம் பங்கு கூடக்கூட நாவில் உலோகக் கசப்பு தட்டும். எலுமிச்சையோ பூண்டோ சேர்த்தால் அடங்கும். கரிப்பு போதவில்லையென்று இன்னொரு கரண்டி போட்டால் மிச்சம் பிடித்த சோடியம் திரும்பி வந்துவிடும்.

ஸ்பைரோனோலாக்டோன் போன்ற பொட்டாசியத்தை உடலில் தேக்கும் மாத்திரையோ, ரத்த அழுத்தத்துக்கு ஏசிஇ தடுப்பான் வகை மாத்திரையோ சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். பெயர் ஒட்டாத டப்பாவிலும் இதைக் கொட்டி வைக்காதீர்கள்: பார்வைக்குத் தூள் உப்பிலிருந்து வித்தியாசமே தெரியாது, விருந்துக்கு வந்தவருக்குச் சிறுநீரகக் கோளாறு இருக்கலாம்.